பியானோ இசைத்தாளில் கார்டுகளையும் குரல்களின் நடையையும் படித்தறிதல்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு செவ்வியல் பியானோ படைப்பை வாசிக்கப் பழகியவர், அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று அறிய ஆசைப்படும்போது பெரும்பாலும் முதலில் செய்வது, பென்சிலை எடுத்து ஒவ்வொரு கார்டின் அடியிலும் ஓர் எண்ணை எழுதுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதற்கும் எண்களை எழுதி முடித்த பிறகும், எந்தச் சுரம் எதற்காக அங்கே வந்தது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. கார்டு என்பது பல குரல்கள் தத்தம் வழியில் நடந்து ஒரு கணத்தில் சந்திக்கும் இடம். அந்த இடத்துக்குப் பெயர் வைப்பது ஹார்மனி ஆய்வு. குரல்கள் அங்கே எப்படி வந்தன, எங்கே போகின்றன என்று பார்ப்பது வாய்ஸ் லீடிங் ஆய்வு, அதாவது குரல் நகர்வைப் பார்ப்பது. பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் செய்தால் கையில் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே, ஒரு குறிப்பிட்ட வரிசையில் சொல்கிறது.

உங்களுக்கு வேண்டியவை ஓர் இசைத்தாள், பென்சில், ஏதேனும் ஒரு கீபோர்டு ஆகிய மூன்றுதான். மேஜர், மைனர் ஸ்கேல்களும் மூன்று சுரக் கார்டுகளும் தெரிந்திருந்தால் போதும். சுரப் பெயர்களை ‘சி’, ‘டி’, ‘இ’, ‘எஃப்’, ‘ஜி’, ‘ஏ’, ‘பி’ என்றே குறிப்பிடுகிறேன். கார்டுகளை ரோமன் எண்களால் குறிப்பது வழக்கம். உங்கள் தாளில் அப்படியே எழுதுங்கள். இங்கே எளிமை கருதி 1, 4, 5 என்று சாதாரண எண்களில் எழுதுகிறேன். 1 என்றால் ஸ்கேலின் முதல் படியின்மேல் கட்டிய கார்டு, 5 என்றால் ஐந்தாம் படியின்மேல் கட்டியது.

பயிற்சிக்கு மோட்ஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 545-ஐ எடுத்துக்கொள்வோம் (‘கே.’ என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்). 1788-இல் எழுதப்பட்ட இதைத் தம் சொந்தப் பட்டியலில் தொடங்குவோருக்கான சிறு சொனாட்டா என்றே மோட்ஸார்ட் குறித்துவைத்தார். கார்டுகளைக் குறிக்கத் தொடங்கும் முன், தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளான பார்களுக்கு எண்ணிடுங்கள். தொடக்கத்தில் முழுமை பெறாத ஒரு பார் இருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. பிறகு குறைந்தது இருமுறை வாசியுங்கள், அல்லது கேளுங்கள்.

முதல் வேலை: கீயைக் கண்டறிதல்

கீ என்பது ஒரு படைப்பு தன் வீடாகக் கொள்ளும் ஸ்கேல். வரியின் தொடக்கத்திலுள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள் ஒரு மேஜர் கீயையும் அதற்கு இணையான ஒரு மைனர் கீயையும் காட்டும். இரண்டில் எது என்பதைக் கடைசிப் பாரின் அடிச்சுரம் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். குறிகள் ஏதும் இல்லாத தாளில் ‘ஜி ஷார்ப்’ திரும்பத் திரும்ப வந்து ‘ஏ’வில் போய்ச் சேர்ந்தால் அது ஏ மைனர்.

பாதி வழியில் கீ மாறுவது செவ்வியல் இசையின் இயல்பு. ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் ஷார்ப்புக்காகக் கீ மாறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அந்த ஷார்ப் நிலைத்திருந்து, புதிய கீயில் ஓர் இளைப்பாறும் இடமும் வந்தால் மாறியதாகக் கொள்ளலாம். கே. 545-இன் முதல் பகுதியில் 14-ஆம் பாரில் இரண்டாவது கருப்பொருள் ஜி மேஜரில் தொடங்குகிறது. 42-ஆம் பாரில் தொடக்கக் கருப்பொருள் திரும்பி வரும்போது, எதிர்பார்க்கும் சி மேஜரில் அல்லாமல் எஃப் மேஜரில் வருகிறது. இது அக்காலத்துச் சொனாட்டாக்களில் அரிதான ஏற்பாடு. கீயை மட்டும் கவனித்துப் படித்தாலே இவ்வளவு பெரிய செய்தி கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாம் வேலை: இளைப்பாறும் இடங்களை முதலில் குறித்தல்

முதல் பாரிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகாமல், இசை மூச்சுவிடும் இடங்களை, அதாவது கேடன்ஸ்களை முதலில் வட்டமிடுங்கள். 5-இலிருந்து 1-க்கு வந்து நிற்பது முழு நிறைவு. 5-இல் நின்றுவிடுவது கேள்விபோல் தொங்கும் பாதி நிறைவு. 5-க்குப் பிறகு 1 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 6 வந்தால் அது ஏமாற்றும் நிறைவு. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்தபின் அதன் சொற்களைப் பொருள்கொள்வது எளிது, இசையிலும் அப்படியே.

இங்கே தொடங்குவோர் ஏறத்தாழ அனைவரும் இடறும் ஓர் இடம் உண்டு. சி மேஜரில் ஒரு முழு நிறைவுக்குச் சற்று முன்பு, அடியில் ‘ஜி’யும் அதன்மேல் ‘சி’யும் ‘இ’யும் ஒலிக்கும். சுரங்களை மட்டும் எண்ணினால் அது சி மேஜர் கார்டுதான். ஆகவே 1 என்று எழுதத் தோன்றும். ஆனால் அடியில் ‘ஜி’ நிலையாக நிற்க, மேலே ‘சி’ இறங்கி ‘பி’யாகவும், ‘இ’ இறங்கி ‘டி’யாகவும் ஆவதைப் பாருங்கள். அந்தச் ‘சி’யும் ‘இ’யும், 5-ஆம் கார்டின் சுரங்கள் வந்து சேர்வதற்கு முன் அவற்றின் இடத்தில் சாய்ந்து நிற்கும் சுரங்களே. அங்கே வீடு திரும்பிய உணர்வு எழுவதில்லை, திரும்பப் போகிறோம் என்ற இறுக்கமே கூடுகிறது. ஆகவே முழு இடத்தையும் 5 என்று குறித்து, மேலே 6-5, 4-3 என்று அந்த இறக்கத்தைக் காட்டுங்கள் (இவை கார்டு எண்களல்ல, அடிச்சுரத்திலிருந்து எண்ணும் இடைவெளிகள்). ஒலிக்கும் சுரங்களின் பட்டியலைவிட அவை நகரும் திசையே கார்டின் பொருளை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

மூன்றாம் வேலை: தாளைச் சுருக்குதல்

பியானோ இசையில் கார்டுகள் பெரும்பாலும் உடைந்தே வரும். கே. 545-இல் இடக்கை முதல் பாரில் சி-ஜி-இ-ஜி, சி-ஜி-இ-ஜி என்று வாசிக்கிறது. தாழ்ந்தது, உயர்ந்தது, நடு, உயர்ந்தது என்னும் இந்த அமைப்பு, 18-ஆம் நூற்றாண்டு இசைஞர் டொமெனிகோ ஆல்பெர்ட்டியின் பெயரால் ஆல்பெர்ட்டி பேஸ் எனப்படுகிறது. நான்கு சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் காது அவற்றை ஒரே கார்டாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அரைப் பாருக்கு ஒரு கார்டு என்று ஒரு வெற்றுத் தாளில் சுருக்கி எழுதுங்கள். முதல் நான்கு பார்களின் இடக்கையை அப்படிச் சுருக்கினால் எட்டுக் கார்டுகள் கிடைக்கும்; அவற்றில் மூன்று குரல்கள் இருக்கும்.

கீழ்க் குரல்: சி, சி, டி, சி, சி, சி, பி, சி.
நடுக் குரல்: இ, இ, எஃப், இ, எஃப், இ, டி, இ.
மேல் குரல்: ஜி, ஜி, ஜி, ஜி, ஏ, ஜி, ஜி, ஜி.

இந்த மூன்று வரிகளையும் தனித்தனியாகப் பாடிப் பாருங்கள். எந்தக் குரலும் ஒரு படிக்கு மேல் தாண்டவே இல்லை. பொதுவான சுரம் இருந்தால் அங்கேயே தங்குகிறது, இல்லையேல் பக்கத்துப் படிக்கு நகர்ந்து திரும்புகிறது. விரல்கள் பரபரப்பாக ஓடிக்கொண்டிருக்க, உள்ளே மூன்று பேர் ஏறத்தாழ அசையாமல் நின்று பாடுகிறார்கள். இந்தப் பகுதியின் அமைதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். இந்தச் சுருக்கத்தை எழுதாமல் கண்ணால் மட்டும் பார்த்துச் செல்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. சோம்பலால் விடக்கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நான்காம் வேலை: கார்டுக்குப் பெயரிடுதல்

இப்போது வலக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அரைப் பாரில் ஒலிக்கும் சுரங்களை எடுத்து, அவை ஒன்றுக்கொன்று மூன்றாம் இடைவெளியில் அமையுமாறு அடுக்கிப் பாருங்கள். அந்த அடுக்கின் அடியில் நிற்பதே கார்டின் வேர். வேர் ஒன்றாகவும், தாளில் உண்மையில் அடியில் ஒலிக்கும் சுரம் வேறாகவும் இருந்தால் அது இன்வர்ஷன். மூன்று சுரக் கார்டில் மூன்றாம் சுரம் அடியில் இருந்தால் 6 என்றும், ஐந்தாம் சுரம் இருந்தால் 6/4 என்றும் எழுதுகிறோம். ஏழாம் சுரம் சேர்ந்த நான்கு சுரக் கார்டுகளுக்கு, வேரிலிருந்து தொடங்கி வரிசையாக 7, 6/5, 4/3, 4/2.

முதல் பாரில் ஐயமில்லை: வலக்கையின் சி-இ-ஜி இடக்கையோடு ஒத்தது, ஆகவே 1. இரண்டாம் பாரின் முற்பாதியில் இடக்கையில் ‘டி’, ‘எஃப்’, ‘ஜி’, வலக்கையில் நீண்ட ‘பி’. அடுக்கினால் ஜி-பி-டி-எஃப், அடியில் ‘டி’ இருப்பதால் 5-இன் 4/3. அந்த நீண்ட ‘பி’யைத் தொடர்ந்து வலக்கையில் விரைவாக ‘சி’யும் ‘டி’யும் வருகின்றன. ‘டி’ கார்டைச் சேர்ந்தது. ‘சி’ சேர்ந்ததல்ல, ‘பி’யிலிருந்து ‘டி’க்குப் போகும் வழியில் மிதித்துச் செல்லும் கடப்புச் சுரம் அது. இப்படிக் கார்டைச் சேராத சுரங்களைச் சிறு அடைப்புக்குறிக்குள் இடுங்கள். இரு வேறு சுரங்களுக்கு இடையே படிப்படியாகச் செல்வது கடப்புச் சுரம். ஒரு சுரத்திலிருந்து பக்கத்துப் படிக்குப் போய்த் திரும்புவது அண்டைச் சுரம். முந்தைய கார்டிலிருந்து விடாமல் பிடித்து நிறுத்தப்பட்டு, பிறகு இறங்குவது சஸ்பென்ஷன். முன்னறிவிப்பின்றி அழுத்தமான தட்டில் தாவி வந்து உட்கார்ந்து, படியிறங்கித் தீர்வது அப்போஜியதுரா. இந்த நான்கும் தெரிந்தால் பெரும்பாலான தாள்களைச் சமாளிக்கலாம்.

மூன்றாம் பாரின் முற்பாதியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். சி-எஃப்-ஏ, கணக்குப்படி 4-இன் 6/4. பெயர் தவறில்லை. ஆனால் நாம் எழுதிய மூன்று வரிகளைத் திரும்பப் பாருங்கள்: கீழ்க் குரல் ‘சி’யை விட்டு அசையவில்லை, நடுக் குரல் இ-எஃப்-இ, மேல் குரல் ஜி-ஏ-ஜி. இரு அண்டைச் சுரங்கள் ஒரே நேரத்தில் எழுந்து அடங்குகின்றன, அவ்வளவுதான். ஆகவே அந்த இடத்தை 1 என்றே பெரிதாக எழுதி, 4-ஐச் சிறிதாக உள்ளே எழுதலாம். இருவர் இதை இருவிதமாக எழுதினால் ஒருவர் தவறு செய்தார் என்று பொருளல்ல. எந்த அளவில் பார்க்கிறோம் என்பதே வேறுபடுகிறது. நான்காம் பாரின் முற்பாதியில் அடியில் ‘பி’ வருகிறது, வலக்கை ‘ஜி’யிலிருந்து ‘எஃப்’க்கு இறங்குகிறது, 5-இன் 6 என்று தொடங்கி 6/5 ஆக மாறுகிறது.

வேறுவேறு இன்வர்ஷன்கள் ஒரே வேரின் வடிவங்கள் என்ற எண்ணத்தை வலுவாக நிலைநாட்டியவர் பிரெஞ்சு இசைஞர் ராமோ. அவருடைய ஹார்மனி நூல் 1722-இல் வெளிவந்தது. அடுத்து நாம் பார்க்கப்போகும் பாக்கின் தொகுப்பும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் பொருத்தம்.

ஐந்தாம் வேலை: குரல்களைப் பின்தொடர்தல்

முக்கியமான வேலை இங்கேதான் தொடங்குகிறது. கே. 545-இன் இரண்டாம் பாருக்கே திரும்புவோம். இடக்கையின் ‘எஃப்’க்கும் அதற்கு மேலுள்ள வலக்கையின் ‘பி’க்கும் இடையே கூர்மையான, நிலைகொள்ளாத இடைவெளி ஒன்று உண்டு. அடுத்த அரைப் பாரில் ‘பி’ மேலேறி ‘சி’யாகிறது, ‘எஃப்’ கீழிறங்கி ‘இ’யாகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அரைச்சுரம் நகர்ந்து இறுக்கத்தைத் தீர்க்கின்றன. செவ்வியல் ஹார்மனியை இயக்கும் விசை பெரும்பாலும் இந்த இரு நகர்வுகளே.

இங்கே ஒரு சொற்குழப்பத்தை இப்போதே களைந்துவிடுவது நல்லது. ‘பி’ என்பது சி மேஜர் ஸ்கேலின் ஏழாம் படி; லீடிங் டோன் என்று பெயர்; அது மேலேற விழைகிறது. ‘எஃப்’ என்பது ஜி-பி-டி-எஃப் கார்டின் ஏழாம் சுரம்; அது கீழிறங்க விழைகிறது. ஸ்கேலின் ஏழும் கார்டின் ஏழும் வெவ்வேறானவை. தாளில் 5-ஆம் கார்டு வரும் ஒவ்வொரு இடத்திலும் முன்னதற்கு மேல்நோக்கிய அம்புக்குறியும், பின்னதற்குக் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இட்டு, அவை உண்மையில் அப்படிப் போகின்றனவா என்று சரிபாருங்கள். போகாத இடம் ஏதேனும் இருந்தால், ஒன்று அந்தச் சுரத்தை வேறொரு குரல் வாங்கிக்கொண்டிருக்கும், இல்லையேல் இசையமைப்பாளர் வேண்டுமென்றே எதிர்பார்ப்பைத் தள்ளிப்போட்டிருப்பார்.

இதை முழு அழகோடு காண, பாக்கின் 48 பிரிலூட்-ஃபியூகுகளில் முதல் தொகுப்பின் முதல் பிரிலூடை, சி மேஜரில் அமைந்த பி.டபிள்யூ.வி. 846-ஐ (இது பாக்கின் படைப்புப் பட்டியல் எண்) திறந்துகொள்ளுங்கள். 35 பார்கள், கடைசிச் சில பார்கள் நீங்கலாக ஒவ்வொரு பாரிலும் ஒரே கார்டு ஐந்து சுரங்களாக உடைந்து இருமுறை வருகிறது. சுருக்கி எழுதக் கால் மணி நேரம் போதும். முதல் நான்கு பார்கள், கீழிருந்து மேலாக: சி-இ-ஜி-சி-இ, சி-டி-ஏ-டி-எஃப், பி-டி-ஜி-டி-எஃப், சி-இ-ஜி-சி-இ.

அடிக்குரலை மட்டும் பாருங்கள். முதல் பாரில் ‘சி’ வீட்டில் இருக்கிறது. இரண்டாம் பாரில் அது அசையவில்லை. ஆனால் மேலே ‘டி’ மைனர் வந்துவிட்டதால், அசையாமல் நின்றபடியே அது முரண்படும் சுரமாக, அந்தக் கார்டின் ஏழாம் சுரமாக மாறிவிடுகிறது. மூன்றாம் பாரில் விதிப்படி ‘பி’க்கு இறங்குகிறது. இறங்கிய அந்த ‘பி’யோ லீடிங் டோன்; ஆகவே நான்காம் பாரில் ‘சி’க்கு ஏறுகிறது. இப்போது மேல் குரல்: இரண்டாம் பாரில் ‘எஃப்’ முரணின்றி ‘டி’ மைனரின் உறுப்பாக இருக்கிறது, மூன்றாம் பாரில் அசையாமல் நின்றே ‘ஜி’ கார்டின் ஏழாம் சுரமாகிறது, நான்காம் பாரில் ‘இ’க்கு இறங்குகிறது. இணக்கமாக வந்து, நின்ற இடத்திலேயே முரணாகி, படியிறங்கித் தீரும் இந்த மூன்று கட்ட நடை ஒரு பார் இடைவெளியில் இரு எல்லைக் குரல்களிலும் நிகழ்கிறது. எண்களில் எழுதினால் இது 1, 2, 5, 1 மட்டுமே. அந்த நான்கு எண்களில் இந்த நாடகம் எதுவும் தெரியாது.

ஆறாம் பாரில் சி-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி வருகிறது. சி மேஜரில் ‘எஃப் ஷார்ப்’ அந்நியம். இப்படி ஓர் அந்நியச் சுரம் கண்டவுடன் அது எங்கே போகிறது என்று பாருங்கள், ‘ஜி’க்குப் போகிறது. ஏழாம் பார் பி-டி-ஜி-டி-ஜி. அதாவது ‘ஜி’யைச் சற்று நேரம் வீடாகப் பாவித்து, அதற்கு உரிய 5-ஐ முன்னால் வைத்திருக்கிறார், இதை 5-இன் 5 என்று எழுதுவர். அடிக்குரல் மறுபடியும் ‘சி’யிலிருந்து ‘பி’க்கு இறங்குவதைக் கவனியுங்கள்: இரண்டாம், மூன்றாம் பார்களின் அதே நடை. எட்டாம் பாரில் அந்த ‘பி’ அசையாமல் நிற்க, மேலே ‘சி’ வந்து உரசுகிறது; ஒன்பதாம் பாரில் ‘பி’ இறங்கி ‘ஏ’ ஆகிறது. 12-ஆம் பாரின் ‘சி ஷார்ப்’ 13-இல் ‘டி’க்கு ஏற, அடிக்குரல் ‘ஜி’யிலிருந்து ‘எஃப்’க்கு இறங்குகிறது, 14-ஆம் பாரின் ‘பி’ 15-இல் ‘சி’க்கு ஏற, அடிக்குரல் ‘எஃப்’பிலிருந்து ‘இ’க்கு இறங்குகிறது. ஒரே அமைப்பு ஒரு படி தாழ்த்தி மீண்டும் வருவது சீக்வென்ஸ். நீண்ட படைப்புகளில் சீக்வென்ஸைக் கண்டுகொண்டால், முதல் அலகை மட்டும் ஆராய்ந்துவிட்டு மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம்.

இணை ஐந்தாம், எட்டாம் இடைவெளிகள் பற்றி

இரு குரல்கள் ஒரே திசையில், ஐந்தாம் அல்லது எட்டாம் இடைவெளி மாறாமல் சேர்ந்து நகரக் கூடாது என்று பாடநூல்கள் சொல்கின்றன. இரண்டு குரல்கள் ஒன்றாகக் கரைந்து, தனித்தன்மை போய்விடும் என்பதே காரணம். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பியானோ தாளில் குற்றம் தேடத் தொடங்குவோர் விரைவில் குழம்பிப்போவார்கள். கே. 545-இன் மூன்றாம் பாரில் வலக்கை ‘ஏ’யிலிருந்து ‘ஜி’க்கு இறங்கும்போதே இடக்கையின் மேல் குரலும் ஓர் எட்டு கீழே ‘ஏ’யிலிருந்து ‘ஜி’க்கு இறங்குகிறது. மோட்ஸார்ட் பிழை செய்துவிட்டாரா? இல்லை. இடக்கையின் உடைந்த கார்டு மெட்டுக்கு நிழல்போல் பின்னால் நிற்கிறது. அந்த ‘ஏ’ தனிக்குரலாகப் பாடாமல் மெட்டின் சுரத்தை இரட்டிக்கிறது. எட்டு இடைவெளியில் கையை விரித்து வாசிக்கும் பேஸ் வரிகளும் இப்படியே. ஆகவே விதியை முதலில் மெட்டுக்கும் அடிக்குரலுக்கும் இடையே சோதியுங்கள். அங்கே இணை ஐந்து தெரிந்தால், உங்கள் சுருக்கம் சரியா என்று மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கார்டைச் சேராத ஒரு சுரத்தை நீங்கள் கார்டுச் சுரமாக எண்ணியிருப்பீர்கள்.

பெயர்கள் போதாமல் போகும் இடம்

ஷோப்பனின் இ மைனர் பிரிலூட், 1839-இல் வெளியான ஓபஸ் 28 தொகுப்பின் நான்காவது, 25 பார்களே கொண்டது, வாசிப்பதற்கும் கடினமில்லை. வலக்கை ‘பி’யில் நின்று, ‘சி’யைத் தொட்டு, ‘பி’க்கே திரும்புகிறது. இடக்கையில் மூன்று சுரக் கார்டுகள் தொடர்ந்து துடிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் தர முயன்றால் இரண்டாம் மூன்றாம் பார்களிலேயே தாள் குறிகளால் நிறைந்துவிடும். அந்தக் குறிகள் ஒன்றோடொன்று ஒட்டவும் மாட்டா. முதல் கார்டு ஜி-பி-இ. அதாவது வீட்டுக் கார்டே, ஆனால் ‘ஜி’ அடியில். அங்கிருந்து மூன்று குரல்களும் தனித்தனி வேளையில், ஒன்று நகர மற்றவை காத்திருக்க, அரைச்சுரமாகவும் முழுச்சுரமாகவும் இறங்கிக்கொண்டே போகின்றன. இங்கே செய்ய வேண்டியது மூன்று வண்ணப் பென்சில்களால் மூன்று இறங்கு கோடுகளை வரைவதுதான். தொடக்கத்தின் 1, 12-ஆம் பாரில் வந்து நிற்கும் 5, இறுதியில் ‘இ’யை அடியில் உறுதியாக ஊன்றும் 1 ஆகியவற்றை மட்டும் எண்ணால் குறியுங்கள். இடைப்பட்டவை குரல் நகர்வால் விளைந்த கூட்டொலிகள். அவற்றுக்குப் பெயர் தராமல் விடுவதும் ஆய்வின் ஒரு பகுதியே.

எழுதி முடித்த எதையும் கீபோர்டில் சோதிக்காமல் நம்பாதீர்கள். உங்கள் சுருக்கத்தை மெதுவாக வாசியுங்கள். மூலத்தை நினைவூட்டவில்லையென்றால் எங்கோ ஒரு சுரத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு குரலைப் பாடிக்கொண்டு மற்றவற்றை வாசியுங்கள். நடுக் குரலைப் பாடுவது கடினம். ஆனால் முரண் எங்கே பிறந்து எங்கே தீர்கிறது என்பதைக் கண்ணைவிடத் தொண்டை விரைவாகக் கண்டுகொள்கிறது. ஒரு நாளைக்கு நான்கு பார்கள் போதும்.

நாளைய நான்கு பார்களாக, கே. 545-இன் 5 முதல் 8 வரையிலானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை முழுவதும் விரைவான ஸ்கேல் ஓட்டம். சுரங்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொரு பாரிலும் ஓட்டம் தொடங்கும் சுரத்தை மட்டும் எடுத்து எழுதினால் ஏ, ஜி, எஃப், இ என்று ஓர் இறங்கு கோடு கிடைக்கும். அதன்கீழ் இடக்கையின் கார்டுகளை வைத்து, எந்தெந்தச் சுரம் எங்கே தங்குகிறது, எது எங்கே நகர்கிறது என்று அம்புக்குறியிட்டுப் பாருங்கள்.